முதுகுக்கு எறியும் கோச்சக்கா

தொண்ணூறுகளில் சுவிசின் எம்மன்புரூக்கேயில் கோச்சக்காவிடம் ஏச்சு வாங்காத தமிழர் ஒருவரும் இல்லை. வாங்காதவர் அப்போது வேறு ஊரில் இருந்திருப்பார். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, கேட்கத் துணிவும் இல்லை. கல்யாண வீட்டில் தாலி கட்ட எழும்பிய மாப்பிள்ளையிடமே, "தம்பி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லும். பந்து எந்தப் பக்கத்தால வருமெண்டு தெரியாது" என்றவர் அவர். மாப்பிள்ளையும் மடக்கிக்கொண்டுதான் தாலி கட்டினார்.

அக்கா யாழ்ப்பாணத்தில் கல்லூரி எல்லே அணியின் வீராங்கனை. எல்லே தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரெனிஸ் பந்தைத் தடியால் அடித்துவிட்டு ஒரு சுற்று ஓடவேண்டும். ஓடுகிறவள்மேல் பந்தை எறிந்து பட்டால் அவள் அவுட். படித்து முடித்ததும் அதே கல்லூரி இவரைக் கோச்சாகப் போட்டது. போட்ட கிழமையே சண்டை தொடங்கி, கல்லூரி அகதி முகாமாகிவிட்டது. ஒரு மட்ச்சுக்குக்கூடப் பிள்ளைகளை இறக்காமல் சுவிசுக்கு வந்துசேர்ந்த கோச் அவர். அந்தக் குறை உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. அதுதான் எங்கள் முழங்கால்களில் வந்து விடிந்தது.

இங்கே முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை. படுக்கை விரிப்புகளை உருண்டையாகச் சுருட்டி, வாசலில் நின்றபடியே மெஷினுக்குள் எறிவார். ஒன்றும் தவறாது. மேற்பார்வை பார்த்த ஊர்சுலா வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, தன்னுடைய பெண்கள் சொஃப்ட்போல் கிளப்புக்கு அவரைக் கூட்டிப்போனாள். அதே இல்லத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான், எனக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, வரும் என்று எப்போதோ பீற்றிக்கொண்டதால் மொழிபெயர்க்க இழுபட்டேன்.

சொஃப்ட்போல் என்ற பெயரை நம்பி மோசம் போகாதீர்கள். அந்தப் பந்து உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். முதல் மட்ச்சில் எதிரணிப் பெண் சாண்ட்ரா ஓட, அக்கா பந்தைப் பொறுக்கி, ஊர் வழக்கப்படி நடு முதுகில் போட்டார். சாண்ட்ரா குப்புற விழுந்தாள். அக்கா இரண்டு கையையும் தூக்கி "அவுட்!" என்று துள்ளினார். நடுவர் அக்காவை வெளியே அனுப்பினார்.

"அக்கா, இங்க ஆளுக்கு எறியக் கூடாது. பந்தைக் கையில வைச்சுக்கொண்டு போய் ஆளைத் தொடவேணும்" என்று விளக்கினேன்.

"தொடுறதோ? கிட்டப் போய்த் தொடுறது விளையாட்டோ? அது சுகம் விசாரிக்கிறது!"

ஆட்டிறைச்சி ரோல்ஸோடு மன்னிப்புக் கேட்கப் போனோம். நான் பாடமாக்கி வைத்திருந்த மன்னிப்பைச் சாண்ட்ரா காதிலேயே விழுத்தவில்லை. "அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் குறி தப்பாமல் எறிந்தார்? எனக்கும் பழக்குவாரா?" என்றுதான் கேட்டாள். அடுத்த பருவமே எங்கள் கிளப்புக்கு மாறிவிட்டாள். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது சுவிஸ்காரருக்கும் பொருந்தும்.

சில வருடங்களில் பழைய கோச் வேறு ஊருக்குப் போக, பெண்கள் எல்லோரும் அக்காவைத்தான் கேட்டார்கள். கிளப் தலைவர் அரை மனதோடு சம்மதித்தார். ஒரு பருவம் பார்ப்போம், அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் வேறு ஆள் என்றார். அந்தப் பருவம் இழுபறிப்பட்டு, எல்லாம் கடைசி மட்ச்சில் வந்து நின்றது. அதற்குள் ஓடு, நில், எறி என்பதிலிருந்து விசரி என்ற ஏச்சு வரைக்கும் அக்காவின் தமிழ் எல்லாம் அந்தப் பெண்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கடைசிக் கட்டம். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் போதும். எதிரணியில் ஒருத்தி ஓட்டத்தை முடிக்கிற தட்டடியை நோக்கிப் பறந்து வருகிறாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பந்து சாண்ட்ராவின் கையில். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குத் தான் சுவிசில் நிற்பது மறந்துபோனது.

"முதுகுக்கு எறியடி! முதுகுக்கு!"

எறிந்தால் இரண்டு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். மட்ச்சும் போச்சு, அக்காவின் பதவியும் போச்சு. முதுகு என்றால் என்னவென்று அந்த அணியிலேயே நன்றாகத் தெரிந்தவள் சாண்ட்ராதான். அவள் அக்காவை ஒருதரம் பார்த்தாள். பிறகு, முதல் தடவையாக, சொல்வழி கேளாமல், தட்டடியில் நின்ற ஊர்சுலாவுக்கு எறிந்தாள். ஊர்சுலா பிடித்து, ஓடிவந்தவளைத் தொட்டாள். வென்றுவிட்டோம். அப்பாடா என்று நான் புல்லில் குந்திவிட்டேன்.

"பாத்தியோ, என்ர சொல்லைக் கேக்கேல்ல!" என்று அக்கா பொரிந்தார்.

"அதாலதானக்கா வெண்டனாங்கள்."

"ஓம், அது வேற கதை."

கிளப் தலைவர் வந்து என் காதோடு பேசிவிட்டு, அக்காவிடம் சொல் என்று கை காட்டினார். திரும்பினால் அக்காவின் முகம் வெளிறிப் போயிருக்கிறது.

"என்னவாம் தம்பி? நிப்பாட்டிப் போட்டானோ? மறைக்காமச் சொல்லு."

எனக்கு டொச்சும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

"இனி நிரந்தரமா நீங்கள்தானாம் கோச்."

அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அறை போட்டுவிட்டு, தன் சேலைத் தலைப்பால் முதலில் என் கண்ணைத் துடைத்தார், பிறகுதான் தன்னுடையதை. எனக்குக் கூடப்பிறந்த சகோதரிகள் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து யாராவது கேட்டால், ஒரு அக்கா இருக்கிறார் என்றுதான் சொல்லி வருகிறேன்.