பொங்கும் மண்

கமாஹுரு சந்தைக்கு அன்று காய்கறி வாங்க வந்தவர்களைவிட மண் சுமந்து வந்தவர்கள்தான் அதிகம். மட்டாட்டு என்கிற வாடகை வேன்களில் ஆளுக்கொரு தகர டப்பா. டப்பாவுக்குள் சொந்த வயலின் மண். கடற்கரைப் பக்கமிருந்து டாக்டர் ஜும்பே வந்து இறங்கியிருந்தாரே! எந்தக் கல்லூரி டாக்டர் என்று கேட்கக் கூடாது. போர்டில் எழுதியிருக்கிறது, போதாதா?

சோதனை ரொம்பச் சுலபம். கீரைத் தூரடியிலிருந்து ஒரு பிடி மேல்மண். அதன்மேல் டாக்டர் தன் சுரைக்குடுக்கையிலிருந்து 'மூதாதையர் தண்ணீர்' ஊற்றுவார். மண் சும்மா கிடந்தால் நிலம் சுத்தம். புஸ்ஸென்று நுரைத்தால் சாபம். நிலத்தை உடனே விற்றுவிட வேண்டும். வாங்குவதற்கும் ஆள் தயார். வயல்களை மனைகளாக வெட்டி விற்கும் தரகர் கிபே, டாக்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரார் சாபத்தையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்த தியாகி!

நியாகூதியின் மண் நுரைத்தது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் படாமல், சாணமும் தழையும் போட்டு அவளும் கணவன் கதோகோவும் வளர்த்த மண் அது.

"பாத்தியா முகாமி அம்மா, நம்ம நிலம் கொதிக்குது!" கதோகோ மனைவியை மகள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். "வித்துடுவோம். புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நிலத்தை வித்துட்டு புள்ளைங்களுக்கு எதைப் போடுவீங்க, முகாமி அப்பா? இந்த டப்பாவையா?"

"வாயை மூடு. அடுத்த சந்தையில கையெழுத்துப் போடறேன்னு கிபேகிட்ட சொல்லிட்டேன்."

நியாகூதிக்கு வயிறு எரிந்தது. கூடவே கையும் எரிந்தது. காலையில் முள்வேலி கீறிய இடத்தில் குடுக்கையிலிருந்து ஒரு சொட்டுத் தெறித்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை! மூதாதையர்கள் எலுமிச்சந் தோட்டத்திலா குடியிருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழத்தை நறுக்கிக் கீரைப் பாத்தியில் பிழிந்தாள். நுரைத்தது. ஒற்றையடிப் பாதையில் பிழிந்தாள். சும்மா கிடந்தது. அடுப்புச் சாம்பலில் பிழிந்தாள். அப்பப்பா, என்ன கொந்தளிப்பு! சுக்குமா கீரையில் அசுவினிப் பூச்சி ஏறினால் அவள் சாம்பலைத்தான் தூவுவாள். சாம்பல் தூவுகிற வீடுகளுக்கெல்லாம் சாபம், பூச்சிமருந்துக் கடைக்கு ஓடுகிற பக்கத்து வயல்காரனுக்கு மட்டும் சுத்தமாம்!

கதோகோவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஐயையோ, சாபம் அடுப்பு வரைக்கும் வந்துடுச்சே!" என்று அவன் இரண்டடி பின்வாங்கினான். இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது? நியாகூதி ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த சந்தையில் கிபே பத்திரத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். கதோகோ வாங்குவதற்குள் நியாகூதி குறுக்கே புகுந்து டப்பாவை வைத்தாள்.

"டாக்டர், கடைசியா இது ஒண்ணு. யாரு நிலம்னு கேக்காதீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

டாக்டர் ஊற்றினார். மண் டப்பா விளிம்பு வரைக்கும் பொங்கியது. கூட்டம் அலறியது. டாக்டர் கண்களைச் செருகிக்கொண்டார்.

"இப்படியொரு சாபத்தை நான் பாத்ததே இல்ல! இந்த இடத்துல இருக்கறவன் புளுகன், ஊரை ஏமாத்தறவன்! இன்னிக்கே அவனை விரட்டுங்க!"

"ரொம்பச் சரியா சொன்னீங்க, டாக்டர்," என்றாள் நியாகூதி. "இது நீங்க தங்கியிருக்கற வீட்டுக் கொல்லை மண்ணு. உங்க அடுப்புச் சாம்பலைக் கொட்டற இடம்."

சொல்லிவிட்டு மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, எல்லோர் கண்முன்னாலும், கையோடு கொண்டுவந்திருந்த ஒரு பிடி சாம்பலில் பிழிந்தாள். அதுவும் பொங்கியது. முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு சந்தையே சிரித்தது.

"கிபே அண்ணே, சாபம் புடிச்ச சரக்குதானே உங்களுக்கு வேணும்? டாக்டரை ஏத்திக்கிட்டுப் போங்க!" என்றாள் நியாகூதி.

டாக்டர் குடுக்கையைக்கூட எடுக்காமல் கிபேயின் காரில் பாய்ந்தார். கதோகோ விரித்துக் கிடந்த பத்திரத்தை மடித்துத் தள்ளிவைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"முகாமி அம்மா, வீட்டுல சாம்பல் மிச்சம் இருக்கா? தெற்குப் பாத்தியில பூச்சி ஏறுது."

அடுத்த ஊரில் இப்போது வேறொரு டாக்டர் இறங்கியிருக்கிறார். அவர் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கிறாராம். டப்பா தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களே, கூடவே மூளையையும் எடுத்துப் போங்கள். மட்டாட்டுக்காரன் அதற்குத் தனி டிக்கெட் கேட்பதில்லை.