மேபி சாரும் இருமல் மருந்தும்

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து, ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரு விஷயத்தைக்கூட உறுதியாகச் சொல்லாமல் காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் மேபி சார்தான். எங்கள் ஊரில் வழி கேட்டால்கூட அடித்துத்தான் சொல்வார்கள். தெரியாத வழி என்றால் இன்னும் பலமாக அடித்துச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ‘இருக்கலாம்’, ‘மாதிரி தெரியுது’, ‘வாய்ப்பிருக்கு’ என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் குடும்பமே நடத்தினார்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

நானும் அவரும் சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தோம். ஷேக்ஸ்பியர் மில்டன் எல்லாம் இல்லை. பாடப் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ள, குறிப்பெடுக்க, கட்டுரை எழுதத் தேவையான ஆங்கிலம். ‘அகாடமிக் இங்கிலீஷ்’ என்று பெயர். சேர்ந்த முதல் வாரமே ஒரு பரீட்சை வைத்து, பிள்ளைகளை மூன்று லெவலாகப் பிரிப்பார்கள். மூன்றாம் லெவலுக்கு ஏசி அறை. அது கோஆர்டினேட்டர் கையில். இரண்டாம் லெவல் என்னிடம். ஃபேன் ஓடும், காற்று வராது. முதல் லெவல் மேபி சாரிடம். அதற்கு சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய தகரக் கொட்டகை.

பிள்ளைகள் இதற்கும் பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாம் லெவல் சரவெடி. இரண்டாம் லெவல் புஸ்வாணம். முதல் லெவல் நமத்தது. பட்டாசு ஊர்ப் பிள்ளைகள், நமத்த வெடி என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மணி நேரப் பரீட்சையை வைத்துப் பதினெட்டு வயதுப் பிள்ளையை இப்படி ஒதுக்கிவைத்த புத்திசாலி யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன். நான்குமே அச்சில் வராது.

மேபி சாருக்கு அந்தப் பெயர் வந்தது பாடத்தால்தான். ஆய்வுக் கட்டுரையில் எதையும் அடித்துச் சொல்லக் கூடாது, ‘இட் இஸ்’ என்று எழுதாதே, ‘இட் மே பி’ என்று எழுது என்று ஒரு பாடம் உண்டு. அது மூன்றாம் லெவலுக்கான பாடம். அதை இவர் முதல் லெவலில் நடத்தினார். ‘இஸ்’ஸே வராத பிள்ளைகளிடம் ‘இஸ்’ வேண்டாம் என்றார். பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மறுநாள் வருகைப் பதிவின்போது கொட்டகை முழுக்க ஒரே குரல்:

“மே பி பிரசென்ட் சார்!”

வேறு யாராக இருந்தாலும் ஸ்கேலை எடுத்திருப்பார்கள். இவர் கொஞ்சம் யோசித்தார். பேனாவை மூடிவிட்டுப் பென்சிலால் வருகை போட்டார்.

வகுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் விருதுநகரில் பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரப் பையன் கேட்டான், “சார், எத்தன?”

“மூணு இருக்கலாம்.”

“இருக்கலாம்னா?”

“ரெண்டுக்கும் வாய்ப்பிருக்கு.”

மாஸ்டர் கல்லைத் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “சார், எண்ணெ காஞ்சுக்கிட்டிருக்கு. நீங்க மொதல்ல வயித்தோட கலந்து பேசிட்டு வாங்க.”

பஸ்ஸிலும் இதே கூத்துத்தான். கண்டக்டர், “எங்க சார் போறீக?” என்றால், “சூலக்கரை போகலாம்னு ஒரு எண்ணம்” என்பார். “எண்ணத்துக்கெல்லாம் டிக்கெட் கிடையாது சார், ஆளுக்குத்தான்” என்று சொல்லாத கண்டக்டர் அந்த ரூட்டில் இல்லை. ஒருமுறை கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொட்டுகிற மழையில் தொப்பலாக நின்றுகொண்டு, கண்ணாடியில் தண்ணீர் வழிய, “மழை வர்ற மாதிரி தெரியுது மேடம்” என்றார். நான் கையிலிருந்த குடையை மடக்கி அவரை அடிக்கப் போனேன்.

அவர் மனைவியிடம் ஒரு தடவை கேட்டேன், “எப்படிக்கா சமாளிக்கிறீக?”

“பொண்ணு பாக்க வந்தப்பவே தெரிஞ்சிருக்கணும். பிடிச்சிருக்கான்னு எங்கய்யா கேக்காரு. ‘பிடிச்சிருக்கிற மாதிரிதான் தோணுது’ங்காரு இவரு. எங்கய்யா வேட்டிய உதறிட்டு எந்திரிச்சிட்டாரு. நாந்தான் சிரிச்சுக் கெடுத்துட்டேன்” என்றார் அந்த அக்கா.

எனக்கு இந்த வழவழாப் பேச்சு பிடிக்காது. ஒரு நாள் ஆசிரியர் அறையில் கேட்டேவிட்டேன். “சார், ஒண்ணு ஆமான்னு சொல்லுங்க, இல்ல இல்லன்னு சொல்லுங்க. என்ன நோய் உங்களுக்கு?”

அவர் கோபப்படவில்லை. “பத்தாப்பு படிக்கையில ஒருத்தர் எங்கிட்ட உறுதியாச் சொன்னாரு மேடம். ‘ஒனக்கு இங்கிலீசு வராதுலே’ன்னு. எம்புட்டு உறுதிங்கீக! அவரு ‘வராம இருக்கலாம்’னு சொல்லியிருந்தா, எனக்கு ரெண்டு வருசம் மிச்சமாயிருக்கும்” என்றார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, உள்ளே தயிர்ச் சாதம் இருப்பதைப் பார்த்துவிட்டு, “தயிர்ச் சாதம் மாதிரி தெரியுது” என்றார்.

அதன் பிறகுதான் அவர் வகுப்பைக் கொஞ்சம் கவனித்தேன். வீட்டில், பள்ளிக்கூடத்தில், தெருவில் எல்லாராலும் ‘தேறாது’ என்று அடித்துச் சொல்லப்பட்ட பிள்ளைகள் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஒவ்வொருத்தர் நோட்டையும் பார்த்துவிட்டு, “வரலாம்லே, வர்றதுக்கு வாய்ப்பிருக்கு” என்று சொல்லிக்கொண்டு போனார். அதையே பெரிய சர்டிபிகேட்டாக நினைத்து அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒருத்தி முத்துமாரி. பொருளாதாரம் படித்தாள். அச்சங்குளத்துக்காரி. எதிரில் இருப்பவரின் செருப்பைப் பார்த்துத்தான் பேசுவாள்.

அந்த வருடம் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம், கோடை விடுமுறையில் தங்கிப் படிக்க எங்கள் கல்லூரிக்கு ஓர் இடம் கொடுத்தது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்களே. மூன்று லெவல் பிள்ளைகளும் ஒரு கட்டுரை எழுத வேண்டும். பெயரை மறைத்து வெளியாள் ஒருவர் திருத்துவார். முதலில் வருகிறவர் சென்னை போகலாம்.

பெயரைத் திறந்து பார்த்தால் முத்துமாரி. நமத்தது வெடித்துவிட்டது.

கோஆர்டினேட்டருக்கு அது பொறுக்கவில்லை. அவர் வெளியூர்க்காரர், ஆங்கிலத்தில் கனவு காண்கிறவர். கட்டுரையைக் கொண்டுபோய்க் காப்பி கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டரில் போட்டார். அது சிவப்பு சிவப்பாகக் கோடு போட்டுக் கொடுத்தது. எதிலிருந்து காப்பி? இருமல் மருந்து பாட்டிலோடு வரும் துண்டுக் காகிதத்திலிருந்து!

விசாரணை வைத்தார்கள். காப்பி என்று முடிவானால் சென்னை போச்சு. அதோடு கோர்ஸிலிருந்தும் நீக்கிவிடுவார்கள். “அப்படி ஏதும் ஆச்சுன்னா தீவாளி சீசனுக்கு எங்கம்மா கூட கம்பெனி வேன்ல ஏற வேண்டியதுதான் மேடம்” என்று உள்ளே போகும் முன் முத்துமாரி என் செருப்பைப் பார்த்துச் சொன்னாள். அவள் அம்மாவையும் வரச்சொல்லி வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்கள்.

முதல்வர், கோஆர்டினேட்டர், இரண்டு துறைத் தலைவர்கள், நான், மேபி சார். கோஆர்டினேட்டர் கட்டுரையை வாசித்துப் பொருள் சொன்னார்.

“‘என் அம்மா கம்பெனியில் வேலை பார்க்கிறார். கம்பெனியில் மெடிசின்தான் முக்கியம். மெடிசினை வெயிலில் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தொட்டால் கையை நன்றாகக் கழுவ வேண்டும்.’ பாருங்க சார், அப்படியே மருந்து பாட்டில். ‘காலையில் மட்டும் கலக்க வேண்டும். மெடிசின் அதிகமானால் உயிர் போகும்.’ ஓவர்டோஸ் வரைக்கும் இறக்கியிருக்கா.”

முத்துமாரியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஆங்கிலத்தில்தான் பதில் சொல்ல வேண்டுமாம். அப்போதுதானே அவள் எழுதினாளா என்று தெரியும்.

“இந்த மெடிசினை எங்கிருந்து எடுத்தாய்?”

“கம்பெனி, சார்.”

“எந்த கம்பெனி?”

“அச்சங்குளம் கம்பெனி, சார்.”

“அச்சங்குளத்தில் மெடிசின் கம்பெனி இருக்கா?”

“நிறைய இருக்கு, சார்.”

கோஆர்டினேட்டர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். நான் எழுந்துவிட்டேன். “பயந்துபோன பிள்ளைகிட்ட இங்கிலீஷ்ல கேட்டா என்ன வரும்? தமிழ்ல கேளுங்க. இது விசாரணையா, வேடிக்கையா?” என்று மேஜையைத் தட்டினேன். முதல்வர், “மேடம், ஒக்காருங்க. நீங்க தெனமுந்தான் கத்துறீக” என்றார். அது உண்மைதான். வாட்டர் கேன் வராததற்கும் இதே குரலில்தான் அவரிடம் கத்தியிருக்கிறேன். உட்கார்ந்தேன்.

“சரி, கிளாஸ் எடுத்தவர்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்” என்றார் முதல்வர். கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேபி சாரிடம் கேள்வி கேட்டால் எவ்வளவு நேரமாகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் மெதுவாக எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் மாட்டினார்.

“அவதான் எழுதினா.”

முதல்வர் நிமிர்ந்தார். “என்ன சார் சொன்னீக?”

“அவதான் எழுதினா. வேற யாரும் எழுதல.”

அவர் வாயிலிருந்து முற்றுப்புள்ளியோடு ஒரு வாக்கியம் வந்து நாங்கள் யாருமே கேட்டதில்லை.

“எப்படி சார் இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?” என்றார் கோஆர்டினேட்டர்.

“மெடிசின்னா மருந்து சார். அவுக அம்மா பட்டாசுக் கம்பெனில மருந்து அடைக்காக. வெடிமருந்து.”

முதல்வரின் மச்சினனுக்கே வெம்பக்கோட்டையில் பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. ‘மருந்து லோடு வந்துருச்சா?’ என்று முதல்வர் அவனிடம் போனில் பேசுவதை நாங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்த அறையில் கோஆர்டினேட்டரைத் தவிர எல்லாரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். மருந்து என்றால் என்னவென்று தவழும்போதே தெரிந்தவர்கள். அதை ஆங்கிலத்தில் பார்த்ததும் எங்கள் அத்தனை பேருக்கும் இருமல் வந்துவிட்டது. முதல்வர் சிரிக்க ஆரம்பித்தார்.

மேபி சார் சிரிக்கவில்லை. “அதுக்கு இங்கிலீஷ்ல கன்பவுடர்னு நான் சொல்லிக் கொடுக்கல சார். ‘மே பி’ன்னுதான் சொல்லிக் கொடுத்தேன். அத அவ ஒரு எடத்துலகூட எழுதல. மருந்து கூடிப்போனா உசிரு போகும்னு எழுதியிருக்கா. போகலாம்னு எழுதல. அவ பாத்திருக்கா சார்.”

முதல்வரின் சிரிப்பு நின்றது. கட்டுரையை கோஆர்டினேட்டரிடமிருந்து வாங்கி, தானே ஒருமுறை படித்தார். படித்துவிட்டு முத்துமாரியிடம் தமிழில், “போ தாயி, ஒண்ணுமில்ல, போ” என்றார். கோஆர்டினேட்டர் கம்ப்யூட்டர்மேல் பழியைப் போட்டார்.

வராந்தாவில் அவள் அம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண். விரல் இடுக்கில் சாம்பல் நிறம் போகாமல் இருந்தது. மேபி சாரைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

“பிள்ள என்ன சார் தப்புப் பண்ணுச்சு?”

“தப்பில்லம்மா. மருந்துன்னு எழுதியிருந்தா. அது புரியாமப் போச்சு.”

“மருந்த மருந்துன்னு சொல்லாம பெறகு என்னன்னு சொல்லுவாக?” அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “சரி, அவள மெட்ராசுக்கு விடுவாகளா?”

“விடலாம்மா” என்றார் மேபி சார்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. “விடலாம்னா?”

சாரைப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்த பென்சிலைத் தடவிக்கொண்டிருந்தார். கையில் இருந்த உறுதி அத்தனையையும் உள்ளேயே செலவழித்துவிட்டு வந்திருந்தார்.

“விடுவாக! விடலன்னா நான் எதுக்கு இருக்கேன்?” என்று நான் கத்தினேன். அந்தக் கத்தலுக்குத்தான் அந்தம்மா முதல்முறையாகச் சிரித்தார். கோடை விடுமுறை விட்டதும் முத்துமாரி சென்னைக்குப் போகவும் செய்தாள்.

அன்றைக்கு அம்மாவும் மகளும் ஊருக்குப் போகப் பஸ்ஸுக்கு நடந்தார்கள். மேபி சார் வராந்தாப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், உள்ள கொஞ்சம் சத்தமாப் பேசிட்டனோ?”

அவர் பேசியது காதில் விழ நாங்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்துதான் கேட்டோம். “இல்ல சார், சரியான சத்தந்தான்” என்றேன். கேன்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கி வந்தேன். அவர் கையில் டம்ளர் நிற்கவில்லை, சட்டையெல்லாம் சிந்தியது. பக்கத்துப் படியில் உட்கார்ந்து, அவர் ஊதி ஊதிக் குடித்து முடிக்கிறவரைக்கும் டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் முழுக்க எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை.