இருபதாவது ஒன்று

கணக்கு வாத்தியார் கையில் மைக்கை மட்டும் கொடுக்கவே கூடாது. என் கையில் கொடுத்தார்கள். அதுவும் என் நிச்சயதார்த்தத்திலேயே.

பெண் பெயர் பிரியா. (பேரிலேயே ‘பிரியமாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு வந்தவள் என நான் தினமும் உருகிக்கொண்டிருந்த காலம் அது.) அவள் அப்பா எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். நாங்களோ ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பழைய சுரங்கக் குடும்பம். நான் டியூஷன் எடுப்பவன். பிரியாவின் அத்தைக்கு இந்தச் சம்பந்தத்தில் ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. தட்டு மாற்றும்வரை எதுவும் உறுதியில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியவன், அசத்த நினைத்தேன்.

பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினால் கிடைப்பது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது. காதலுக்கு இதைவிடப் பொருத்தமான எண் ஏது! தெர்மாகோலில் ஒன்றுகளை வெட்டி, ஜரிகைத்தாள் சுற்றி, ஆண்டர்சன்பேட்டை மண்டப மேடையின் பின்னால் ஒட்டிவிட்டு வேட்டி கட்டப் போனேன். (ஏதாவது உடைந்தால் உதவட்டும் என்று ஒன்றைக் கூடுதலாக வெட்டியிருந்தேன். மகா புத்திசாலி!)

“பின்னால ஒரு நம்பர் இருக்கு, பாருங்க,” என்று மைக்கில் முழங்கினேன். “உலகத்துல எந்த நம்பர் வந்தாலும் இதைப் பிரிக்க முடியாது. நானும் பிரியாவும் அப்படித்தான்!”

ஒரே கைத்தட்டல். பிரியா திரும்பிப் பார்த்து, உதட்டுக்குள் எண்ணினாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மைக் என் வாயருகே இருந்தது.

“ஏங்க, எல்லாம் ஜோடி ஜோடியா இருக்குதே. பதினொண்ணால பிரியுதுங்களே!”

மண்டபம் முழுக்க ‘பிரியுதுங்களே’ என்று எதிரொலித்தது.

நானும் திரும்பிப் பார்த்தேன். எண்ணினேன். இருபது! ஒன்றுகள் ஜோடி ஜோடியாக நின்றால் பதினொன்றால் போகும். இருபது நின்றால் நூற்றியொன்றாலும் போகும். இன்னும் எதெதாலோ போகும். இவ்வளவு பெரிய எண் இவ்வளவு சுலபமாக உடையுமா!

“இன்னாது, பிரியுதா? பொண்ணு வாயாலயே வந்துடுச்சே!” அத்தை எழுந்துவிட்டார். “பேடா! இந்தச் சம்பந்தமே பேடா!” (கோபம் வந்தால் அவருக்கு ‘வேண்டாம்’கூடக் கன்னடத்தில்தான் வரும்.)

பிரியாவின் அப்பா கையில் எடுத்த தட்டைக் கீழே வைத்தார். ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு.

அப்போது முன்வரிசையிலிருந்து என் தாய்மாமா பெருமையாகக் கையைத் தூக்கினார்.

“இன்னாத்துக்கு இவ்ளோ கூச்சல்? ஒண்ணு கீழ கெடந்துச்சி. நல்ல நாளும் அதுவுமா ஒண்ணு கொறையலாமா? மொய் வெச்சாகூட ஒண்ணு சேத்துத்தான வெக்கிறோம்? நான்தான் ஒட்டனேன்!”

பிரியா விறுவிறுவென்று போய்க் கடைசி ஒன்றைப் பிய்த்தாள். “அப்பா, இப்ப பதினொண்ணால வகுத்தா ஒண்ணு மிஞ்சும். இனிமே பிரியாது. தட்ட எடுங்க.” எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பா தட்டை எடுத்தார். அத்தை விடவில்லை. “மாப்ள, நீங்க சொல்லுங்க. இனிமே எதாலயுமே பிரியாதா?”

‘பிரியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். கணக்கில் தப்பாகச் சொல்ல எனக்கு வாய் வருமா? மைக்கிலேயே விளக்கினேன்.

“வேற யாராலயும் பிரியாதுங்க அத்தை. தன்னாலதான் பிரியும்.”

அத்தைதான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே தட்டு மாறியது, பாக்கெல்லாம் சிதறியது.

இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை என்று கேள்விப்பட்டால் சொந்தமெல்லாம் சமாதானம் பேசக் கிளம்பும். அத்தை மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்.

“யாரும் நடுவுல போவாதீங்க. அதுங்க தன்னால பிரியும்னு மாப்ளயே மைக்குல சொல்லிக்கீறாரு!”