ஓடியவர் யார் என்பது குறித்த தீர்மானம்

மாட்டுங்காவில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் இப்போதெல்லாம் இன்னொருவர் ஓட வேண்டும். இது சட்டம் அல்ல, நாகரிகம். சட்டமாக இருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டோம்.

எங்கள் கட்டடத்துக்குத் தினமும் காலையில் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுவருபவர் இசக்கிதுரை. அவர் மனைவி இசக்கிசெல்விக்கு மார்பில் கட்டி. ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வந்தார். கமிட்டித் தலைவர் ஜம்பு, பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், உடனே மனம் உருகினார். காரியதரிசி என்ற முறையில் நானும் உருகினேன். உருகிய நிலையிலேயே அவசரக் கூட்டம் கூட்டினோம்.

"ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இன்னிக்கே குடுத்துடலாமே," என்றார் காபி கொண்டுவந்த ஜம்புவின் மனைவி ராஜலக்ஷ்மி.

"சும்மா எப்படிக் குடுக்கறது?" என்றார் ஜம்பு. "இப்பல்லாம் அப்படி யாரும் பண்றதில்லை. நாம ஒரு கஷ்டமான காரியம் பண்ணணும். அதைப் பாத்து நாலு பேர் குடுக்கணும். ஹாஃப் மராத்தான் ஓடலாம்."

"அந்தப் பொண்ணு கஷ்டப்படறாளே, அது போறாதோ?"

"அது தானா வந்த கஷ்டம். இது நாமளா எடுத்துக்கறது. ரெண்டும் ஒண்ணாகுமா?"

இந்த வேறுபாடு கூட்டக் குறிப்பில் பதிவாயிற்று. கமிட்டியின் ஒன்பது பேரும் பெயர் கொடுத்தோம். செய்தியை வாட்ஸப்பில் போட்டதும் செம்பூர் முதல் வாஷி வரை உறவினர்கள் மனம் நெகிழ்ந்து பணம் தருவதாக வாக்களித்தார்கள். ஓடி முடித்தால்தான் அது கைக்கு வரும் என்பது நிபந்தனை.

ஓட்டம் நெருங்க நெருங்க ஒரு சிறிய நடைமுறைச் சிக்கல் தெரியவந்தது. எங்களில் யாராலும் ஓட முடியாது.

வழி கண்டுபிடித்தவர் ஆடிட்டர் வேங்கடசுப்ரமணியன். "கோயில்ல பேரு, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனைக்குக் கட்டறோம். நாம ஆபீஸ்ல இருப்போம், குருக்கள் பண்ணுவார். பலன் நமக்கு வராம இருக்கா? நெஞ்சுல குத்திக்கற நம்பர் அட்டையிலதான் நேரம் கணக்குப் பண்ற சிப் இருக்கு. அட்டை போய்ச் சேர்ந்தா நாம போய்ச் சேர்ந்த மாதிரி."

சாஸ்திரமும் கணக்கும் ஒத்துப்போன அபூர்வமான தருணம் அது. மூன்றாவது மாடிக்கு இட்லி அடுக்கைத் தூக்கிக்கொண்டு தாவி ஏறும் இசக்கிதுரையை அழைத்தோம்.

"எல்லா அட்டையையும் நானே கொண்டுட்டு ஓடணுமா சார்?"

"உன் ஆத்துக்காரிக்காகத்தானே எல்லாரும் ஓடறோம்?" என்றபடி ஜம்பு அட்டைகளை நீட்டினார்.

ஞாயிறு விடியற்காலை இசக்கிதுரை எங்கள் ஒன்பது பேரையும் துணிப்பையில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு ஓடினார். 'வாழ்த்துகள், ஓடி முடித்துவிட்டீர்கள்' என்று செல்போனில் குறுஞ்செய்தி வந்த சத்தத்தில்தான் ஜம்புவுக்குத் தூக்கம் கலைந்தது. ஒன்பது பேரும் ஒரே நொடியில் எல்லையைத் தொட்டிருந்தோம். இப்படிப்பட்ட ஒற்றுமையைக் கண்டதில்லை என்று ஓட்டத்தை நடத்தியவர்கள் பாராட்டுக் கடிதமே அனுப்பினார்கள். இசக்கிதுரை மெடல்களை இட்லிப் பாத்திரத்தில் போட்டு எடுத்துவந்து வீடு வீடாகக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கலாம்," என்று வேங்கடசுப்ரமணியன் குறைப்பட்டுக்கொண்டார். "என் மச்சினன் போன வருஷம் இதைவிடச் சீக்கிரம் முடிச்சான்."

பணம் வந்தது. கூடவே வேங்கடசுப்ரமணியனுக்கு ஓட்டத்தின் விதி ஒன்று ஞாபகம் வந்தது. ஓடியவரின் குடும்பத்துக்கு நிதி வழங்கக் கூடாது.

"இவர் எங்கே ஓடினார்?" என்று ஜம்பு பதறினார். "ஓடினது நாமதானே?"

முழங்கால் வீங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்த இசக்கிதுரை முன்னிலையில், இசக்கிதுரை ஓடவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. "சரிதான் சார், நான் ஓடல," என்று அவரும் வழிமொழிந்தார். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கழுத்தில் மெடலோடு நாங்கள் தெருவில் இறங்கினால் ஜனங்கள் வழிவிட்டார்கள்.

அடுத்த மாதம் கணவன் மனைவி இருவரும் கமிட்டி அறைக்கு வந்தார்கள். இசக்கிசெல்வி மெலிந்திருந்தாள். தலையில் முக்காடு. ஆனால் குரல் அப்படியே இருந்தது.

"எனக்கு ஏத்துன ரத்தத்துக்கு ஈடா ஆஸ்பத்திரியில ரத்தம் கேக்காவ. இவுக ஏற்கெனவே குடுத்தாச்சு, மறுபடி எடுக்கமாட்டாவளாம். நீங்கல்லாம் மராத்தான் ஓடுன ஒடம்பு. ரெண்டு பேர் வந்தாப் போதும்."



"அது வந்தும்மா..." என்று ஜம்பு ஆரம்பித்தார். "உண்மையைச் சொல்லப்போனா, ஓடினது உன் ஆத்துக்காரர்தானே..."

"அப்படியா? போன மாசம் இவுக ஓடலன்னு எழுதுனியளே! ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஓடலன்னா மெடலக் கழத்தி வையுங்க. ஓடுனியன்னா கைய நீட்டுங்க."

மெடலை எப்படிக் கழற்றுவது? மெடலோடு எடுத்த படம் ஏற்கெனவே அமெரிக்கா வரை போய்விட்டது. ஒன்பது பேரும் மெடலோடு மூன்று டாக்ஸி பிடித்தோம். ஜம்புவின் பிரஷர் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ராஜலக்ஷ்மியும் வந்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் மெடல்களைப் பார்த்து எழுந்து நின்றார். பிறகு சோதித்தார். சோதிக்கச் சோதிக்க மெல்ல உட்கார்ந்தார். இருவருக்குச் சர்க்கரை, மூவருக்கு ரத்த அழுத்தம், மூவருக்கு வயது, எனக்கு ஊசியைக் கண்டதுமே மயக்கம். கமிட்டி ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

"வேற யாராவது வந்திருக்கீங்களா?"

ராஜலக்ஷ்மி கைப்பையை ஜம்புவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இன்னொருவருக்கு எங்கே போவது என்று நாங்கள் கூடி யோசித்துக்கொண்டிருந்தபோது, வாடகை வாங்க உள்ளே வந்த டாக்ஸிக்காரர்களில் ஒருவர் விவரம் கேட்டுவிட்டு ராஜலக்ஷ்மிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

வந்ததற்கு அடையாளமாக, ஒன்பது பேரும் சட்டைக் கையைச் சுருட்டி, மெடல் தெரிய நின்று படம் எடுத்துக்கொண்டோம். 'இரத்ததான முகாமில் நம் மராத்தான் வீரர்கள்' என்று வாட்ஸப்பில் போட்டேன். சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் இதயக்குறிகள். வீடு திரும்பிய ராஜலக்ஷ்மி அதைப் பார்த்துச் சிரித்தார்.

இதயம் அனுப்பியவர்கள் பட்டியலை வரிசையாகப் படித்தேன். உங்கள் பெயரும் இருந்தது. கமிட்டி சார்பில் மனமார்ந்த நன்றி.