தெர்மாமீட்டர் தம்பியும் வாயில்லாத பெட்டியும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், நடுவில் மறதியும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா என்று கவலைப்பட்ட ஆள், மதுரை ஜில்லாவிலேயே தெர்மாமீட்டர் தம்பி ஒருவர்தான்.

ஆரப்பாளையத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டது அவர். கூட்டித் துடைத்தது நான். மூலையில் இருந்த பெரிய பெட்டிதான் மற்றதுக்கெல்லாம் தாய். அது படுத்தால் கடையே படுத்துவிடும். காலையில் வந்ததும் அதன் முதுகில், சூடான காற்று வெளியே வருகிற ஓட்டைகளில், உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. பிறகு கறுப்புத் திரையில் ஏதோ தட்டுவார். உள்ளே எத்தனை டிகிரி சூடு என்று நம்பர் வரும். அதற்குப் பெயர் லினக்ஸ் என்றார். உலகத்தில் யார் யாரோ எழுதிச் சும்மா கொடுத்ததாம்.

சித்திரை வெயிலில், கடையில் இருந்த ஒரே டேபிள் ஃபேனையும் பெட்டிப் பக்கம் திருப்பிவிட்டார்.

"அண்ணே, எங்களுக்குக் காத்து?" என்றார்கள் பசுமலைக் கல்லூரிப் பிள்ளைகள்.

"ஒனக்கு வேர்த்தா சட்டையைக் கழட்டுவ மாப்ள. அது எதக் கழட்டும்?"

முதலாளிக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. "சும்மா வந்த சரக்க நம்பிக் கடை நடத்துறதா? தீபாவளி வரைக்கும் பாப்பேன். பெட்டிக்கு ஒண்ணு ஆச்சு, ஒன் ஊரு வாடிப்பட்டிக்கு பஸ் ஏறிற வேண்டியதுதான்."

"நம்பரு பொய் சொல்லாதுண்ணே."

டீக்குப் போகும்போதெல்லாம் என்னைக் காவலுக்கு உட்காரவைப்பார். "எழுவதத் தாண்டுனா சத்தம் போடுங்கக்கா. பெட்டிக்கு வாய் கெடையாது, நீங்கதான் வாய்." வழி கேட்பவர்களிடமே வாய் திறக்காமல் கையைக் காட்டித் தப்பிக்கிற என்னிடம்!

ஆயுத பூஜை வந்தது. பெட்டிகளுக்குச் சந்தனம் வைக்கிற வேலை எனக்கு. மற்றதுக்கெல்லாம் முன்பக்கம் பொட்டு வைத்தேன். தாய்ப்பெட்டிக்கு மட்டும், தம்பி கை வைக்கிற இடம்தானே முகம் என்று, முதுகு ஓட்டைகள் மேல் கெட்டியாக அப்பினேன். நடுவில் குங்குமம். மேலே மாலை. அம்புட்டு லட்சணம்.

மறுநாள் விஜயதசமி. கம்ப்யூட்டர் படிப்பைத் தொடங்க நல்ல நாள் என்று ஒரே கூட்டம். மாலை கலையக் கூடாதென்று தம்பி அன்றைக்கு மட்டும் முதுகைத் தொடவில்லை. முதலாளி சூடம் காட்டிப் பெட்டியைப் போட்டுவிட்டுக் கீழே போனார். தம்பி என்னைத் திரை முன்னால் உட்காரவைத்துவிட்டு டீக்குப் போனார்.

அறுபது. அறுபத்தெட்டு. எழுபத்தெட்டு. வாயைத் திறந்தேன். இத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று மூடிக்கொண்டேன். படி இறங்கி டீக்கடைக்கு ஓடினேன். அவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் திரை இருண்டுவிட்டது. கருகல் வாடை.

தம்பி பெட்டியைத் திருப்பினார். காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலாளி மேலே ஏறி வருவதற்குள் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

"என்னடா ஆச்சு?"

"லினக்ஸு நம்பரத் தப்பாக் காட்டிருச்சுண்ணே."

அதைச் சொல்ல அவருக்கு எம்புட்டு வலித்திருக்கும்! நான் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டார். "வாரேன்க்கா. ஃபேன காலேஜ் புள்ளைங்க பக்கம் திருப்பிருங்க, பாவம்."

எழுபத்தெட்டா, எண்பத்தெட்டா, எந்தச் சூட்டில் பெட்டி கருகும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் மறந்திருப்பேன். நம்பர் சரியாகத்தான் காட்டியது என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். வாடிப்பட்டிப் பக்கம் அவரைப் பார்த்தால், அக்கா சத்தம் போட்டுச் சொன்னாள் என்று சொல்லுங்கள்.