சந்தனம் வைத்த தோட்டா

கடைக்காரர் எதை விளக்கினாலும் புரிந்ததுபோல் தலையாட்டுவது என் பிறவிக்குணம். மிக்ஸி வாங்கும்போது பரவாயில்லை. மான் வேட்டைக்குத் தோட்டா வாங்கும்போது கூடாது.

சுவிஸின் லாங்கன்தால் ஊரில் நான் சமைக்கும் உணவகத்தின் முதலாளி வேட்டைக்காரர். நான் வேட்டைப் பரீட்சையில் ஒருமாதிரித் தேறியதும், "இம்முறை ஒரு மானைச் சுடு, இனி வருடாவருடம் என்னோடு வரலாம்" என்றார். அடுப்படிக்கு வெளியே அவர் எனக்குத் தந்த முதல் மரியாதை அது. விட மனமில்லை.

கடையில் என் துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டாப் பெட்டிகளைப் பரப்பி எடை, வேகம், ஈயம் கலக்காதது என்று விளக்கினார்கள். தலையாட்டிவிட்டு, மினுக்கம் கூடிய செம்புத் தோட்டாவை எடுத்தேன். (கத்தரிக்காயும் இப்படித்தான் வாங்குவேன்.) அன்று ஆயுத பூசை. பெட்டியைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் விடியற்காலை, காட்டோரத்து மரப்பரணில் தனியே இருந்தேன்; முதலாளி எதிர்ப்பரணில். மூடுபனியில் என் காலில் கிடந்த சப்பாத்தே தெரியவில்லை. கீழே ஒரு மான் வந்து நின்றது. தோட்டாப் பெட்டியை மெல்லத் திறந்தேன்.

சந்தன வாசனை. பின்னாலேயே மல்லிகை.

சுவிஸ் காட்டில் மல்லிகையா? மான் தலையை நிமிர்த்தியது. என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தது, அங்கே யாரோ நிற்பதுபோல.

"முருகா!" என்று அலறினேன். தோட்டாக்கள் சிதறின, மான் பறந்தது, எதிர்ப்பரணிலிருந்து முதலாளி ஓடிவந்தார். குனிந்து ஒரு தோட்டாவை எடுத்தார். அதில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். எல்லாவற்றிலும்! அதன்பிறகு அவர் என்னை வேட்டைக்குக் கூப்பிடவில்லை. மான் கறி சமைக்க மட்டும் விடுகிறார்.

வீட்டுக்கு வந்து மனைவி வதனியிடம் பாய்ந்தேன்.

"ஓம், நான்தான் பொட்டு வைச்சனான். ஆயுத பூசையெல்லோ!"

"மல்லிகையும் நீதானோ?"

"உங்களுக்கென்ன விசரோ? இந்தக் குளிருக்குள்ள மல்லிகைக்கு நான் எங்க போறது?"

இன்றும் பேர்ண் கோயிலில் யாராவது மல்லிகை சூடிக் கடந்துபோனால், என் மகள் காதுக்குள், "அப்பா, ஓடுங்கோ!" என்பாள். குடும்பமே சிரிக்கும். நானும் சிரிப்பேன், முதலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.