ரப்பருக்கு அடியில்

கேமரா கையை விட்டு வரமாட்டேன் என்றது.

இரட்டைப்பூட்டார் சாப்பாட்டு மேசையில் வலது கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். கையில் பதினான்கு வருடப் பழைய டிஜிட்டல் கேமரா. அதன் கைப்பிடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் வெளுத்து, நடுவில் உப்பி, ஓரங்களில் உரிந்து வந்துகொண்டிருந்தது. நாலு சொட்டுப் பசை விட்டு அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். பசை ரப்பரை ஒட்டியதோ இல்லையோ, அவருடைய மூன்று விரல்களைக் கச்சிதமாக ஒட்டிவிட்டது.

"இந்தப் பசையை யாரு வாங்கினது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நீங்கதான்."

"அப்படின்னா யாரோ மாத்தி வெச்சிருக்காங்க."

மனைவி ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விரலைத் தேய்த்துத் தேய்த்து விடுவித்தாள். அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் அவர் பசைக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. 'இரட்டைப்பூட்டு' என்பது அவர் வேலை பார்க்கும் கிடங்கில் வைத்தது. மேலதிகாரி ஆன பிறகு மரியாதைக்கு ஒரு 'ஆர்' சேர்த்துக்கொண்டார்கள். வருகிற சரக்கைச் சரிபார்ப்பதும், உடைந்து வந்ததைப் படம் எடுத்து வைப்பதும் அவர் வேலை. செல்போனில் எடுக்க மாட்டார். செல்போன் படம் யார் யாருக்குப் போகிறதோ யார் கண்டது. கேமரா பழசானாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒரே கடைக்கு இரண்டு முறை போக மாட்டார். முகம் பழகினால் ஏமாற்றுவார்கள் என்பது அவர் கட்சி. அதனால் புதுக் கடைக்குள்கூட ஹெல்மெட்டைக் கழற்றாமல்தான் நுழைவார்.

இந்தக் குணம் முற்றியது எட்டு வருடங்களுக்கு முன்னால். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனது. அந்த வாரம் இவர் பட்ட பாடு பறிகொடுத்தவர்கூடப் படவில்லை. மாற்றுச் சாவியைப் பூந்தொட்டியில் புதைத்தார். எந்தத் தொட்டி என்பது மறந்து ஏழு செடிகளைப் பிடுங்கினார். எண் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி ஒன்று வாங்கினார். நாலு எண் போதும் என்றார் விற்றவர். நாலு எண்ணைத் திருடன் அரை மணியில் கண்டுபிடித்துவிடுவான் என்று இவர் நீளமாக ஒன்றை வைத்தார். மனைவிக்கும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அது அவருக்கே மறந்துபோனது. மறந்ததையும் யாருக்கும் சொல்லவில்லை.

"விரல் வந்துடுச்சில்ல? இப்ப பெட்டிக்கு வாங்க" என்றாள் மனைவி. "நூலக வேலைக்கு சனிக்கிழமைக்குள்ள அசல் சர்டிபிகேட் காட்டணும். எல்லாம் அதுக்குள்ள இருக்கு."

"நேரம் வரும்போது திறப்பேன்."

"எட்டு வருஷமா வராத நேரம் எப்ப வரும்? என் சர்டிபிகேட் உள்ள இருக்கா இல்லையான்னே எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு."

"என்மேலயே சந்தேகமா?" என்றார் அவர். உண்மையாகவே மனம் நொந்துவிட்டது.

"சனிக்கிழமை திறக்கலைன்னா நான் என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். நடுவுல ஒரு தடவை என்னைச் சந்தேகப்பட்டீங்கன்னா சனிக்கிழமை வரைக்கும்கூட இருக்க மாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். அது அவருக்குத் தெரியும். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பெட்டியைப் பற்றி யோசிக்கப் பயந்துகொண்டு கேமராவைப் பற்றி யோசித்தார்.

புது ரப்பரைத் தபாலில் வரவழைத்தார். புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, இதுவரை போகாத கேமரா ரிப்பேர் கடையாகத் தேடிப் பிடித்தார். வாசலில் 'சந்தைத் தெருவிலிருந்து இடம் மாறி வந்துள்ளோம்' என்று பலகை. அங்கே என்ன செய்துவிட்டு ஓடி வந்தானோ என்று நினைத்தபடி ஹெல்மெட்டோடு உள்ளே போனார்.

இரண்டு பேர் உட்காரும் அளவு கடை. மேசை விளக்குக்குக் கீழே மெக்கானிக் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி படச்சட்டத்துக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கைப்பிடி ரப்பரை மாத்தணும். புது ரப்பர் என்கிட்ட இருக்கு. என் கண் முன்னாலயே செய்யணும்."

மெக்கானிக் கேமராவைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். மறுபடியும் கேமராவைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"இது வேண்டாம் சார்."

"எது வேண்டாம்?"

"இந்த ரப்பரை நான் எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"காரணம் சொல்ல முடியாது."

பின்னாலிருந்து அவர் மனைவி தலையைத் தூக்கினாள். "எடுத்துக் குடுத்துடுங்களேன். கேக்கறவர் அவரேதானே..."

"நீ சும்மா இரு" என்றார் மெக்கானிக்.

இரட்டைப்பூட்டாருக்கு உள்ளே மணி அடித்தது. இருபது வருடமாக மூட்டை சரிபார்க்கிறவர். பிரிக்க வேண்டாம் என்கிற மூட்டையைத்தான் முதலில் பிரிக்க வேண்டும் என்பது அவருக்குப் பாலபாடம்.

"எடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் சுரண்டியை மேசையில் வைத்தார். "நீங்களே உரிச்சுக்கோங்க. நான் பார்க்க மாட்டேன்." சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரனே சுவரைப் பார்த்து உட்காருகிற கடையை அவர் பார்த்ததில்லை. ஓரத்தில் சுரண்டியைக் கொடுத்து மெல்ல நெம்பினார். பழைய ரப்பர் பிசுபிசுவென்று இழுத்துக்கொண்டு வந்தது. உப்பியிருந்த இடத்துக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் தாளில் மடித்த ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். சீட்டில் பத்து எண்கள். அதற்குக் கீழே, 'மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் கூப்பிடவும்.'

எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கையெழுத்து தெரியக் கூடாது என்று வேண்டுமென்றே இடது கையால் எழுதியிருக்கிறான். பெரிய கேடி.

"இந்தச் சீட்டை யாரு வெச்சது?"

"எந்தச் சீட்டு?" என்றார் மெக்கானிக் சுவரைப் பார்த்து. "நான் எந்தச் சீட்டையும் பார்க்கலை. ரப்பருக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"ரப்பருக்கு அடியில இருந்ததுன்னு நான் சொல்லவே இல்லையே."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். மெக்கானிக்கின் பின்கழுத்து முழுக்க வேர்வை. இரட்டைப்பூட்டார் புது ரப்பரை ஒட்டாமலே கேமராவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். தோல் உரிந்த இடத்தில் நாலு திருகாணியும் பழைய பசையுமாக அது பார்க்கச் சகிக்கவில்லை.

வழியெல்லாம் கணக்குப் போட்டார். கிடங்கில் கேமராவை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. வீட்டில் எடுத்துப் புழங்குகிற இன்னொரு ஆள் மனைவி. மச்சினன் ஒரு முறை இரண்டு மாதம் இரவல் வாங்கிப் போயிருக்கிறான். அவர் வீடு திரும்புவது எட்டு மணிக்கு. ஆறு மணிக்கு மேல் வீட்டில் யார் தனியாக இருப்பது? நினைக்கவே கூடாது என்று நினைத்தார். நினைத்துவிட்டார்.

மறுநாள் சரியாக ஆறு மணி ஒரு நிமிடத்துக்குக் கிடங்கு போனிலிருந்து அந்த எண்ணை அழுத்தினார்.

"ஹலோ" என்றது ஒரு ஆண் குரல்.

"யாரு?"

"போன் பண்ணினது நீங்க. நீங்க யாரு?"

"அதை அப்புறம் சொல்றேன். நீங்க யாருன்னு முதல்ல சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லத் தயங்கறீங்களே, அதான் கேக்கறேன்."

"நான் ஏன்யா தயங்கணும்? தண்ணி லாரி வெச்சிருக்கேன். ஊருக்கே தெரியும்."

"தண்ணி லாரியா? எந்தெந்த வீட்டுக்குப் போவீங்க?"

"கூப்பிடற வீட்டுக்கெல்லாம் போவேன்."

அது போதும். இரட்டைப்பூட்டார் போனை வைத்துவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். கோபத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது.

இருந்தாலும் சரிபார்க்காமல் முத்திரை குத்துகிற ஆள் இல்லை அவர். வீட்டு போனிலிருந்து கூப்பிட்டால் அந்த ஆள் 'சொல்லும்மா' என்கிறானா என்று பார்த்துவிட்டால் விஷயம் தெளிவாகிவிடும். அன்று எட்டரை மணிக்கு, மனைவி மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன நேரம், வீட்டு போனில் எண்ணை அழுத்திப் பேசாமல் காத்திருந்தார். "யாரு?" என்றான் லாரிக்காரன். இவர் மூச்சு மட்டும் விட்டார். "பேசுங்க" என்றான். மறுபடியும் மூச்சு. வெள்ளிக்கிழமையும் இரண்டு முறை முயன்று பார்த்தார். அவன் 'அம்மா' என்று சொல்லவே இல்லை. எவ்வளவு எச்சரிக்கையான ஆள் என்று அதிலிருந்து தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் வீட்டு போன் அடித்தது. மனைவி எடுத்தாள். எதிர்முனையில் லாரிக்காரனின் மனைவி. அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"உங்க வீட்டு நம்பர்லேர்ந்து என் வீட்டுக்காரருக்கு போன் பண்ணி மூச்சு மட்டும் விடறது யாரும்மா? நீதானா அது?"

மனைவி போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மூச்சு யாரோடது?"

"என்னோடதுதான்" என்றார் அவர். "ஆனா அந்த ஆள் யாருன்னு நீதான் சொல்லணும்."

"எந்த ஆளு?"

"தண்ணி லாரி."

அவள் உள்ளே போனாள். பீரோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பையோடு வந்தாள்.

"பெட்டியும் திறக்கலை, என்னையும் சந்தேகப்பட்டாச்சு. ரெண்டும் ஒரே நாள்ல. அந்த நம்பர் உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சது?"

"கேமரா ரப்பருக்கு அடியில. அந்த மெக்கானிக்குக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

"வாங்க கடைக்கு. என் முன்னாலயே கேளுங்க. என் பேர் கெட்டுப்போச்சுன்னு இருக்கக் கூடாது. அங்கேருந்து அப்படியே பஸ் ஏறிடறேன்."

அவர் ஹெல்மெட்டுக்குள் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் வண்டி ஓட்டினார். பின் சீட்டில் பை அவர் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

மெக்கானிக் அவர்களைப் பார்த்ததும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பப் போனார். இரட்டைப்பூட்டார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு விட மாட்டேன். இந்தச் சீட்டு உள்ள எப்படி வந்தது?"

"சொல்ல முடியாது சார். வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அதையும் சொல்ல மாட்டேன்னுதான் வாக்கு."

"பார்த்தியா?" என்று மனைவியிடம் திரும்பினார். "ஆள் ஒருத்தன் இருக்கான்."

மனைவி பையைக் கீழே வைத்தாள். "அண்ணா, என் குடும்பமே இந்த ரப்பர்ல வந்து நிக்குது. தெரிஞ்சதைச் சொல்லுங்க."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. "தங்கச்சி, என்னைக் கேக்காதீங்க. என் தலைமேல சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்னால் அட்டை வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கத்தியை டொக்கென்று மேசைமேல் வைத்தாள். எழுந்து முன்னால் வந்தாள்.

"சத்தியம் பண்ணினது அவரு. நான் பண்ணலை" என்றாள். "எட்டு வருஷம் முன்னால எங்க பழைய கடைக்கு வந்து, இதே ஹெல்மெட்டைக் கழட்டாம நின்னு, 'இது என் இரும்புப் பெட்டி நம்பர், ரப்பருக்கு அடியில வெச்சு ஒட்டு, திருடன் பார்த்தா போன் நம்பர்னு நினைச்சு ஏமாந்துடுவான், யாரு கேட்டாலும் சொல்லாதே, நானே வந்து கேட்டாலும் சொல்லாதே'ன்னு இந்த மனுஷன்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனது நீங்கதானே சார்?"